பொருள், பிம்பம், துரு: ஒரு ஸ்கூட்டரின் குளிர்காலத்தை வாசித்தல்

1

டிக் ஹெப்டிஜ் 1981-இல் இத்தாலிய ஸ்கூட்டரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொருள் எப்படிப் பிம்பமாகிறது என்பதுதான் அதன் விஷயம். 1988-இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பிலும் அது இடம்பெற்றது. கடைச் சரக்கு ஒன்றைப் பிரதியாக வாசிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. நாவலும் கவிதையும் மட்டுமே விமர்சனத்துக்குரியவை என்று பழகிவந்த தமிழ் எம்.ஏ. மாணவனுக்கு, ஒரு வண்டியின் பக்கத் தகடுகூட வாசிக்க வேண்டிய குறிதான் என்று காட்டித் தந்தது அது. அந்தக் கடனை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் இனி எழுதப்போவது அந்தக் கட்டுரையோடு ஒரு சண்டை.

சண்டை நூலகத்தில் தொடங்கவில்லை. 2022 நவம்பரிலிருந்து 2023 ஏப்ரல் வரை இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் இருந்தேன். துணைவிக்கு அங்கே செவிலியர் வேலை. எனக்கு வேலை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பழைய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் ஒன்று வைத்திருந்தார். ‘வைத்திருந்தார்’ என்பது போதாது. தன்னுடைய வருஷத்தையே அந்த ஸ்கூட்டரைக் கொண்டு பகுத்துவைத்திருந்தார். அறுபதைத் தொட்டவர். ஒரு கார்த் தொழிற்சாலையில் லேத்தில் கடைசல் வேலை பார்த்தவர். தொழிற்சாலை மூடி வருஷங்களாகிவிட்டன. வீட்டை ஒட்டிய அவருடைய கார் ஷெட்டில் என்னுடைய அந்தக் குளிர்காலச் சாயங்காலங்கள் கழிந்தன. ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது, டார்ச் பிடிப்பது, இவைதான் என் பங்கு. ஹெப்டிஜ் சொன்னதில் தவறில்லை, ஆனால் அவருடைய பகுப்பில் விடுபட்ட ஒன்று இருக்கிறது என்பது அங்கே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குப் பட்டது.

2

ஸ்கூட்டரின் வாழ்க்கையை ஹெப்டிஜ் மூன்று கணங்களாகப் பகுக்கிறார்: உற்பத்தி, விளம்பரமும் விற்பனையும் செய்யும் இடையீடு, நுகர்வு. எந்த ஒரு கணத்தின் அர்த்தமும் அடுத்த கணத்துக்கு அப்படியே போய்ச் சேருவதில்லை. செய்தவன் நினைத்தது ஒன்று, விற்றவன் சொன்னது ஒன்று, ஓட்டியவன் ஆக்கிக்கொண்டது இன்னொன்று. பண்டத்தின் அர்த்தம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது என்று நம்பிய வறட்டு மார்க்சியத்துக்கு இது நல்ல அடி.

போரில் குண்டுவீச்சுக்கு ஆளான பொன்தெதெரா ஆலையில், விமானம் செய்துகொண்டிருந்த பியாஜியோ நிறுவனம் 1946 ஏப்ரலில் வெஸ்பாவுக்குக் காப்புரிமை கேட்டது. அதை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளைக் கண்டாலே பிடிக்காதவர். மறுவருஷம் மிலானின் லாம்ப்ராத்தே பகுதியில், எஃகுக் குழாய் செய்துகொண்டிருந்த ஃபெர்தினாந்தோ இன்னொசெந்தியின் ஆலையிலிருந்து லாம்ப்ரெட்டா வந்தது. முதல் லாம்ப்ரெட்டாவில் எஞ்சின் வெளியே தெரியும். 1950-இல் ஒரே எந்திரத்தைத் தகடு போர்த்தியும் போர்த்தாமலும் இரண்டு வடிவில் விற்றார்கள். ஜனங்கள் போர்த்தியதைத்தான் விரும்பினார்கள். எந்திரம் உள்ளே போய்விட்டது, மேற்பரப்பு மட்டும் கண்ணுக்கு மிஞ்சியது. மோட்டார் சைக்கிள் ஆண், ஸ்கூட்டர் பெண் என்ற பால் அடையாளம் இந்தப் போர்வையிலிருந்துதான் கட்டமைக்கப்படுகிறது என்பது ஹெப்டிஜின் நுட்பமான வாசிப்பு. பெண்களுக்கும் நாசூக்கான நகரத்து ஆண்களுக்குமான, கையில் மசி ஒட்டாத வண்டி. அதே வண்டியைத்தான் அறுபதுகளில் பிரிட்டனின் ‘மாட்’ இளைஞர்கள் கைப்பற்றினார்கள். டஜன்கணக்கில் கண்ணாடிகளும் விளக்குகளும் மாட்டி, பெரியவர்களை எரிச்சலூட்டும் குறியாக மாற்றினார்கள்.

மாட்களைப் பற்றிய எழுத்துகளில் எல்லோரும் போய் நிற்கிற இடம் 1964 ஈஸ்டர், கிளாக்டன் என்ற கடற்கரை ஊர். அங்கே நடந்த சில்லறைத் தகராறைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியதை ஸ்டான்லி கோஹன் 1972-இல் வந்த தன் நூலில் ஆராய்ந்தார். நூலின் தொடக்கப் பகுதியில் ஒரு சிறு தகவல் உண்டு: அந்த ஈஸ்டர் ஞாயிறு எண்பது வருஷங்களில் இல்லாத அளவுக்குக் குளிராக இருந்தது. கலகத்தின் முதல் காரணம் சித்தாந்தம் அல்ல, குளிரும் சலிப்பும் என்று சொல்லலாம்போல. மாட்களின் அடையாளமாகிப்போன வால் வைத்த பச்சை அங்கி, கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்காகத் தைத்தது. பழைய ராணுவச் சரக்காக மலிவாகக் கிடைத்தது, ஸ்கூட்டரில் போகிறவனுக்குக் காற்றைத் தடுத்தது. பின்னால் வந்த வாசிப்புகளில் அந்த அங்கி குறியாகிவிட்டது. குளிர் காணாமல் போய்விட்டது.

என் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. உபகலாச்சார ஆய்வு தெருவைப் பார்த்தது. தெருவில்தான் போலீஸ் நின்றது, நிருபர் நின்றான், காமிரா நின்றது. ஆய்வாளனும் அங்கேயே போய் நின்றான். வண்டி தெருவுக்கு வராத மாசங்களை யார் எழுதினார்கள்?

3

நவம்பர் இரண்டாம் வாரத்தில் அவர் வண்டியை நிறுத்தினார். காரணம் குளிர் அல்ல, உப்பு. உறைபனி விழும் என்று அறிவிப்பு வந்தால் ராத்திரியோடு ராத்திரியாகச் சாலைகளில் கல் உப்பைத் தூவிவிடுகிறார்கள். செஷயரில் வின்ஸ்ஃபோர்டு என்ற ஊருக்கு அடியில் சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கிற உப்பு இதற்குப் போகிறது. உப்பு பனியை உருக்கும். கூடவே பழைய தகட்டையும் தின்னும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். உப்பு தின்ற தகடு என்ன குடிக்கும்?

நிறுத்துவது என்றால் சாவியைத் திருப்பி மூலையில் சாத்துவதல்ல. முதலில் காகிதம். நாற்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு அங்கே சாலை வரி கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் வண்டி சாலையில் இல்லை என்று அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்தது பெட்ரோல். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீர் அடியில் தங்கி உள்ளே துரு ஏறும், பழைய ரப்பர் வாஷர்கள் ஊதிப்போகும். அதனால் டேங்கை வடித்தார், கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலிசெய்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை விட்டு, சிலிண்டர் சுவரில் எண்ணெய் படியட்டும் என்று கிக்கரை நிதானமாக நாலைந்து தரம் மிதித்தார். கேபிள்களுக்குக் கிரீஸ் போட்டார். டயர் தரையில் படாதபடி வண்டியைக் கட்டைமேல் ஏற்றினார். கடைசியில் பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடினார். ‘குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கப்போட்டதுபோல’ என்று அன்றைக்கு நோட்டில் எழுதி, அடித்துவிட்டேன். அடித்ததற்குக் காரணம் பின்னால் வரும்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அந்த வருஷம் எரிவாயுக் கட்டணம் தாறுமாறாக ஏறிக் கிடந்தது. வீட்டையே பாதிதான் சூடுபண்ணினார்கள். ஷெட்டுக்கு ஏது சூடு? பக்கத் தகடுகள் இரண்டையும் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டினார். எஞ்சினை இறக்கி மேஜைமேல் வைத்தார். அப்போதுதான் கவனித்தேன். ஹெப்டிஜ் அவ்வளவு நுட்பமாக வாசித்த மேற்பரப்பு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கட்டுரையில் தகட்டுக்குப் பின்னால் போய் மறைந்த எந்திரம் என் கண்ணெதிரே பிரிந்து கிடந்தது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் ஆயிலும் சேர்ந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள் போய், அங்கே அழுத்தப்பட்டு, பிறகுதான் சிலிண்டருக்கு ஏறுகிறது. அதனால் கிராங்க் அறையில் காற்று கசியக் கூடாது. அச்சின் இரண்டு பக்கமும் காசு அகலத்துக்கு ரப்பர் ஆயில் சீல்கள் இருக்கின்றன. ஒன்று காய்ந்து வெடித்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும், கலவையில் பெட்ரோல் குறையும், பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். வேகமாகப் போகும்போது ஒட்டினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஆள் போய்ச் சேரவும் வாய்ப்புண்டு. குளிர்காலம் முழுக்க அவர் செய்தது இந்த மாதிரிக் காசு அகலச் சமாச்சாரங்களைத்தான்.

பேரிங் மாட்டியது மறக்க முடியாதது. சுத்தியலால் அடித்து இறக்கக் கூடாது. அலுமினிய உறையைச் சமையலறை அவனில் வைத்துச் சூடுபண்ணுகிறார்கள், அது விரியும். எஃகு பேரிங்கை முந்தின ராத்திரியே உறைபெட்டியில் வைத்துவிடுகிறார்கள், அது சுருங்கும். இரண்டையும் எடுத்துவந்து வைத்தால் தன்னால் ‘டொக்’கென்று போய் உட்கார்ந்துகொள்கிறது. அவருடைய மனைவி அன்றைக்குச் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: “பட்டாணிப் பொட்டலத்துக்கு நடுவுல இவரோட இரும்பு. முப்பது வருஷமா இதே கூத்து.”

வருஷத்துக்கு எத்தனை நாள் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். “நல்லா ஓட்டுனா இருபது நாள். மத்ததெல்லாம் இதுதான்” என்றார்.

4

இருபது நாளையும் எழுதிவிட்டோம். மீதி நாட்களுக்குக் கோட்பாட்டில் என்ன பெயர்?

பழுதுபார்ப்பு ஹெப்டிஜின் கண்ணில் படவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனியொரு கணம் என்ற இடம் அவருடைய பகுப்பில் இல்லை என்கிறேன். நுகர்வு என்ற சொல்லுக்குள் அதை அடக்கிவிடலாம் என்று யாராவது வாதாடலாம். அடங்காது. நுகர்வு என்பது பொருளைத் தீர்ப்பது. இது பொருள் தீர்ந்துவிடாமல் பிடித்துநிறுத்துவது. உற்பத்தி என்றும் சொல்ல முடியாது. புதிதாக எதுவும் பிறக்கவில்லை. ஏப்ரலில் இருக்கப்போவது நவம்பரில் இருந்த அதே வண்டிதான். ஆறு மாச உழைப்பின் விளைவு ‘ஒன்றும் ஆகாமல் இருப்பது’. கண்ணுக்குத் தெரியாத விளைவு என்பதாலேயே இந்த உழைப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

மூலதனத்தின் முதல் தொகுதியில், உழைப்புச் செயல்முறை பற்றிய இடத்தில் மார்க்ஸ் இதைத் தொட்டுச் செல்கிறார். பயன்படாமல் கிடக்கிற எந்திரத்தை இயற்கை அரித்துவிடும், உயிருள்ள உழைப்பின் தொடுகைதான் அதை மீட்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய அக்கறை உற்பத்தி. அதனால் அங்கே நிற்காமல் மேலே போய்விடுகிறார். நாம் நிற்கலாம். உற்பத்தி, இடையீடு, நுகர்வு ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒரு கணத்தைச் சேர்க்க வேண்டும். அதைப் பராமரிப்பு என்பேன். மற்ற மூன்றுக்கும் நேரெதிரான காலம் இதற்கு உண்டு. அவை முன்னோக்கி ஓடுகின்றன, புதுசைத் தேடுகின்றன. இது ஒவ்வொரு குளிர்காலமும் தொடங்கின இடத்துக்கே திரும்பி வருகிறது.

பக்கத்து வீட்டுக்காரரின் கதையே இதற்குச் சாட்சி. 1979-இல் மாட்களைப் பற்றிய ‘குவாட்ரஃபீனியா’ படம் வந்தபோது அவருக்குப் பதினாறு வயசு. படம் பார்த்துவிட்டு வந்து, முதல் சம்பளத்தில் சேர்த்த காசில் பழைய ஸ்கூட்டர் வாங்கினார். ஆக அவரை உள்ளே இழுத்தது பிம்பம்தான். அதிலும் பதினைந்து வருஷத்துக்கு முந்தின பிம்பத்தின் மறுபதிப்பு. இதுவரை ஹெப்டிஜ் சரி. ஆனால் நாற்பத்து மூன்று வருஷம் பிம்பத்தை நம்பி ஒருவன் உறைகிற ஷெட்டில் நிற்க மாட்டான். அங்கியை அவர் எப்போதோ எறிந்துவிட்டார். பாட்டும் மாறிவிட்டது. மிஞ்சியது பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைக்கிற விரல்களின் பழக்கம். தொழிற்சாலை மூடியபோது யாருக்கும் வேண்டாமல் போன கடைசல்காரனின் கை தனக்கென்று ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டது என்றுதான் இதை வாசிக்க வேண்டும். பழமை மோகம் என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட்டுப் போவது சுலபம். மோகம் இல்லை என்று சொல்லவில்லை. மோகத்துக்குள்ளே ஒரு வர்க்கத்தின் கைத்திறன் ஒளிந்துகொண்டிருக்கிறது என்கிறேன்.

5

அந்தக் கைத்திறனை மட்டும் கொண்டாடிவிட்டுக் கட்டுரையை முடித்தால் அது அயோக்கியத்தனம். ஏனென்றால் மேஜைமேல் கிடந்த எஞ்சினின் உறை இத்தாலியில் வார்த்ததல்ல.

இன்னொசெந்தி 1971-இல் லாம்ப்ரெட்டாவை நிறுத்தியது. அதன் கார்ப் பிரிவை 1972-இல் பிரிட்டிஷ் லேலண்ட் வாங்கியது. ஸ்கூட்டர் செய்த எந்திரங்களையும் பெயருரிமையையும் வாங்கியது இந்திய அரசு. அதே 1972-இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் பிறந்தது. 1975-இல் உற்பத்தி தொடங்கியது. உள்ளூரில் ‘விஜய் சூப்பர்’, வெளிநாட்டுக்கு ‘லாம்ப்ரெட்டா’. மிலானில் கடைசியாக வந்த ஜிபி மாதிரி, லக்னோவிலிருந்து பிரிட்டனுக்குப் போனது. வண்டியோடு உதிரிப்பாகங்களும் போயின. மிலான் ஆலை செத்துப்போன பிறகும் பிரிட்டனின் லாம்ப்ரெட்டாக்கள் ஓடியதில் லக்னோ தொழிலாளிக்குப் பெரிய பங்குண்டு. 1997-இல் அங்கேயும் ஸ்கூட்டர் நின்றது, மூன்று சக்கர வண்டி மட்டும் தொடர்ந்தது. 2021-இல் நிறுவனத்தையே மூட மத்திய அரசு முடிவெடுத்தது.

பழைய ஸ்கூட்டர்ச் சந்தையில் ‘இத்தாலியன்’ என்றால் ஒரு விலை, ‘இந்தியன்’ என்றால் அதற்குக் கீழே ஒரு விலை. ‘இந்தியன்’ என்று சொல்லும்போதே குரலில் ஓர் இறக்கம். நியாயமான குறைகளும் இருக்கின்றன. வார்ப்பின் பிசிறுகளை அரத்தால் ராவித்தான் பக்கத்து வீட்டுக்காரரே மாட்டினார். ஆனால் விலையில் உள்ள வித்தியாசம் பிசிறுக்கானது மட்டுமல்ல. மிலானிலிருந்து போன எந்திரங்களின் வழிவந்த பொருள்தான் இதுவும். மாறியது அவற்றை இயக்கிய கை. வெள்ளைக் கை வார்த்தால் மூலம், மாநிறக் கை வார்த்தால் நகல். நகலாகிய உதிரிப்பாகம் இல்லையென்றால் மூலம் சாலையில் ஓடாது, அருங்காட்சியகத்தில்தான் நிற்கும். மூலத்துக்குப் புறம்பானதுபோல் ஒட்டவைக்கப்படுவதுதான் மூலத்தையே தாங்கிநிற்கிறது என்று தெரிதாவைப் படித்து மனப்பாடமாகச் சொல்லுகிறோமே, அதை லக்னோ வார்ப்பில் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு விஜய் சூப்பர் இருந்தது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், செகண்ட்-ஹேண்டில் வாங்கியது. மணிக்கட்டைத் திருப்பி கியர் மாற்றும்போது வருகிற அந்தச் சத்தத்தை இங்கிலாந்து ஷெட்டில் கேட்டதும் உடம்பு அடையாளம் கண்டுகொண்டது. எங்கள் வண்டி ஓடாமல் நின்று, திண்ணையோரம் சில வருஷம் மழையில் கிடந்து, கடைசியில் பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போனது. ஒரே வம்சத்து வண்டி. அங்கே போர்வை, இங்கே தராசு. ஏன் என்று கேட்டுக்கொண்டால் ‘அவர்களுக்குப் பழமையின் அருமை தெரியும், நமக்குத் தெரியாது’ என்ற வழக்கமான பதில் வரும். அந்தப் பதில் பொய். அப்பா ஒரு தடவைகூட பிளக்கைத் தன் கையால் கழற்றியதில்லை. நாலு மிதியில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் தள்ளிக்கொண்டு போய்ப் பட்டறையில் விடுவார். பட்டறைப் பையனை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார். அவன் வயசுக்கு மூத்த மேஸ்திரியையும் ஒருமையில்தான் பேசுவார். எழுத்தர் கை எழுத்தர் கையாகவே இருக்க வேண்டும்.

சாதியச் சமூகம் பராமரிப்புக்கு வைத்த விலை இது. அழுக்கை எடுப்பவர், துணி வெளுப்பவர், முடி மழிப்பவர், செருப்பு தைப்பவர், பிரசவம் பார்த்த மருத்துவச்சி: ஊர் நேற்றைப் போலவே இன்றும் இருக்கும்படி பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள்தான். அத்தனை பேரையும் கீழே வைத்தோம். ஆயுத பூசையன்று கருவிக்குச் சந்தனம் வைப்போம். கருவி பிடித்த கையைத் தொட மாட்டோம். இந்தப் பின்னணியிலிருந்து போன எனக்கு, கையில் மசியோடு நின்ற ஒரு மனிதனைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. டார்ச் பிடித்ததோடு சரி, நானும் அந்த மேஜையில் அதிகமாக எதையும் தொடவில்லை என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை.

6

அடித்த வரிக்கு வருகிறேன்.

2022 டிசம்பர் 15, 20 தேதிகளில் இங்கிலாந்தில் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1916-இல் தொடங்கிய அவர்களுடைய சங்கம் இங்கிலாந்தில் தேசிய அளவில் நிறுத்தத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. வாக்கெடுப்பில் பாதிப் பேராவது வாக்களிக்காத மருத்துவமனைகளில் சட்டப்படி நிறுத்தம் செய்ய முடியாது. துணைவி வேலை பார்த்த இடம் அப்படிப்பட்டது. 15-ஆம் தேதி ராத்திரிப் பணி முடிந்து காலையில் பனியில் நடந்து வந்தவள், நான் நோட்டில் எழுதிவைத்திருந்த வரியைப் படித்தாள். “ஒரு வார்டுல நேத்து ராத்திரி எத்தனை பேரைத் திருப்பிப் படுக்கவச்சேன்னு கேட்டீங்களா? இங்க வண்டிக்குப் போர்வை போத்துறதுக்கு இலக்கியம் எழுதுறீங்க” என்றாள். நான் வரியை அடித்தேன்.

அவள் சொன்னதில் ஒரு கோட்பாட்டு விமர்சனமே இருக்கிறது. உபகலாச்சார ஆய்வுகள் வெளியே சுற்றுகிற பையன்களைக் கொண்டாடி, வீட்டையும் பெண்களையும் விட்டுவிட்டன என்று ஆஞ்சலா மெக்ராபி 1980-லேயே எழுதினார். ஹெப்டிஜும் அந்த விமர்சனத்துக்கு இலக்கானவர். தெருவிலிருந்து ஷெட்டுக்கு வந்துவிட்டேன், நான்காவது கணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்ட நானும் ஷெட்டோடு நின்றுவிட்டேன். ஷெட்டுக்கு ஒட்டின சமையலறைக்குள் போகவில்லை. பேரிங் உறைந்த பெட்டி யாருடையது? அலுமினிய உறை சூடான அவனைப் பிறகு தேய்த்துக் கழுவியது யார்? பொருளைப் பராமரிக்கும் ஆணின் வேலைக்குப் ‘பொழுதுபோக்கு’ என்று மரியாதையான பெயர். அதற்கு மன்றம் உண்டு, இதழ் உண்டு, கோப்பை உண்டு. ஆணைப் பராமரிக்கும் பெண்ணின் வேலைக்குப் பெயரே இல்லை. உடல்களைப் பராமரிக்கும் பெண்ணுக்குக் கூலி உண்டு. அது போதவில்லை என்று பனியில் நிற்க வேண்டியிருக்கிறது.

தமிழில் இந்த எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். வண்டிக்கும் பராமரிப்பு, நோயாளிக்கும் பராமரிப்பு, பெற்றவர்களுக்கும் பராமரிப்பு. ஆங்கிலம் எந்திரத்துக்கு ஒரு சொல், மனிதருக்கு ஒரு சொல் என்று பிரித்துவைத்திருக்கிறது. நம் சொல் பிரிக்கவில்லை என்பதால் நம் சமூகம் பிரிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. மேலே சொன்ன பட்டறையும் மருத்துவச்சியும் அதற்குச் சாட்சி. ஆனால் ஒரே சொல் என்பது விமர்சகனுக்குக் கையில் கிடைத்த ஆயுதம். ஷெட்டில் செய்வதும் வார்டில் செய்வதும் ஒரே செயல் என்றால், ஒன்று பொழுதுபோக்காகவும் மற்றது மலிவான கூலியாகவும் ஆனது எப்படி என்று அந்தச் சொல்லே கேட்க வைக்கிறது.

7

பிப்ரவரியில் எஞ்சின் சட்டகத்துக்குள் ஏறியது. மார்ச் 26 ஞாயிறு. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிற நாள். சாயங்காலம் திடீரென்று நீண்டுவிடுகிறது. நாலைந்து நல்ல மழை பெய்து சாலை உப்பு கழுவிப்போகட்டும் என்று அதுவரை காத்திருந்தார். புதுப் பெட்ரோலில் ஐந்து லிட்டருக்கு 100 மில்லி ஆயில் என்று கலந்தார். லாம்ப்ரெட்டாவின் கிளட்ச் தட்டுகளில் இருப்பது கார்க்; மாசக்கணக்கில் நின்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி அதை விடுவித்தார். பதினோராவது மிதியில் பிடித்தது. நவம்பரில் ஊற்றின ஆயில் எரிந்து தெரு முழுக்க நீலப் புகை. இரண்டு வீடுகளின் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. சுற்றுச்சூழல்காரர்கள் இந்தப் புகையைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் பதிலில்லை. வருஷத்துக்கு இருபது நாள்தானே என்பது பதிலாகாது.

ஏப்ரல் 9 ஈஸ்டர். வண்டிக்காரர்களின் பருவம் பெரும்பாலும் அந்த வாரக்கடைசியில்தான் தொடங்குகிறது. கடற்கரை ஊர் ஒன்றில் கூட்டம். வெள்ளிக்கிழமை காலை அவர் கிளம்பினார். டப்பாவில் ஸ்பேனர், கூடுதலாக ஒரு பிளக், ஒரு கிளட்ச் கேபிள். துணைவி ராத்திரிப் பணி முடிந்து அப்போதுதான் வந்து கதவோரம் நின்றாள். அவருடைய மனைவியும் வாசலுக்கு வந்தார். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை வாசிக்கத் தேவையான கோட்பாடு ஹெப்டிஜிடம் இல்லை, என்னிடமும் இல்லை.

நண்பர்களுக்குக் கடைசியாக ஒன்று. நம்முடைய விமர்சனமும் மூன்று கணங்களிலேயே சுற்றிவருகிறது: ஆசிரியன், பிரதி, வாசகன். ஆசிரியன் செத்தானா இல்லையா என்று எத்தனை இதழ்களை நிரப்பியிருக்கிறோம். பிரதி சாகாமல் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்? கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர் பல்லாண்டுகள் சேர்த்துக் காத்துவைத்தவைதான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தன. அதில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக் கட்டுரை எழுதியவர்களில் அவரைத் தம் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தவர் எத்தனை பேர்? இந்தப் பத்திரிகையின் பழைய இதழ்கள் உங்களில் சிலர் வீட்டுப் பரணில் இருக்கும். கரையான் அரிக்காமல் வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்தவர் யார் என்று இன்றைக்கு வீட்டில் கேட்டுப் பாருங்கள். பதில் அநேகமாக உங்கள் பெயராக இருக்காது.